நூறாண்டு வெள்ளமும் பத்தாண்டுக் கணக்கும்



ஆண்டிறுதி மழை தொடங்கிவிட்டால் சிகாமட் மக்களுக்கு ஒரு பழக்கம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஆற்றை எட்டிப் பார்ப்போம். மகிழுந்தில் செல்பவரும் பார்ப்பார்; மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தகப்பனாரும் பார்ப்பார். நீர் பழுப்பாக இருக்கிறதா, கரைப் புல் தெரிகிறதா, மரக்கிளைகள் அடித்து வரப்படுகின்றனவா என்று நொடிப்பொழுதில் அளந்துவிட்டுத்தான் போவோம். சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் சென்று கலக்கிறது. மூவார் ஆறு நிரம்பி நின்றால் எங்கள் ஆற்று நீருக்குப் போக்கிடம் இல்லை. இது இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடநூல் திறக்கும் முன்பே தெரிந்த புவியியல்!

இன்று நான் எழுத வந்தது கணக்கைப் பற்றி. அதிலும் தொடக்கப்பள்ளியில் நாம் கற்பிக்காத ஒரு கணக்கைப் பற்றி. அந்தக் கணக்குத் தெரியாமல் நான் ஒருவருக்குச் சொன்ன ஒரு மறுமொழி, பல ஆண்டுகளாக என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிக்கும் இடமாதலால் இங்கே இறக்கி வைக்கிறேன்.

நான் சொன்ன மறுமொழி

2006 டிசம்பர் 19-ஆம் நாளையொட்டிப் பெய்த பெருமழையில் சிகாமட் நகரம் நீரில் மூழ்கியது. அது வடிந்து, வீடுகளைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரி இரண்டாம் வாரத்தில் இரண்டாம் வெள்ளம் வந்தது. ஜொகூர் மாநிலத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்பொழுது நான் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இளைஞன். தற்காலிக நிவாரண மையம் ஒன்றில் பாய்களையும் குடிநீர்ப் புட்டிகளையும் பங்கிட்டுக் கொண்டிருந்தேன்.

அங்கே என் மாணவி ஒருத்தியின் தந்தையைச் சந்தித்தேன். செம்பனைத் தோட்டத்தில் பல்லாண்டு உழைத்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தோட்டத்து வீட்டைவிட்டுச் சொந்த வீட்டிற்குப் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. தாழ்வான பகுதியில் ஒரு பழைய வரிசை வீடு விலைக்கு வந்திருந்தது. வெள்ளம் கண்ட வீடாகையால் விலை குறைவு. சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்தால் எட்டிவிடும்.

"சார், இந்த மாதிரி வெள்ளம் நூறு வருசத்துக்கு ஒரு தடவதான் வரும்னு எல்லாரும் பேசிக்கிறாங்களே, நெசமா? வீட்ட வாங்கலாங்களா?"

நான் சிறிதும் தயங்கவில்லை. "வாங்குங்கண்ணே. இந்த நூறு வருசத்துக்கானது வந்துட்டுப் போயிடுச்சு. இனிமே உங்க பேரன் காலத்துலதான் வரும்" என்றேன்.

ஒரே மாதத்தில் இருமுறை வந்த வெள்ளத்தின் நடுவே நின்றுகொண்டுதான் அப்படிச் சொன்னேன்! அந்த முரண் அப்பொழுது எனக்கு உறைக்கவேயில்லை. அவர் என்னிடம் கேட்டது நான் வானிலை அறிஞன் என்பதற்காக அன்று. 'வாத்தியார் கணக்குத் தெரிந்தவர்' என்ற நம்பிக்கையால் கேட்டார்.

அவர் வீட்டை வாங்கினார். 2011 ஜனவரி இறுதியில், சீனப் புத்தாண்டுக்குச் சில நாள்களே இருந்தபொழுது, சிகாமட் மீண்டும் மூழ்கியது. அவருடைய வீட்டில் நெஞ்சளவு நீர். குளிர்சாதனப் பெட்டி, மெத்தை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், அவர் தாயாரின் ஒரே நிழற்படம் எல்லாம் போயின. நான் பார்க்கச் சென்றபொழுது சேற்றை வாரிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வாங்க சார், உக்கார எடமில்லீங்களே" என்று வருந்தினார். நான் சொன்ன சொல்லை அவர் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

ஓட்டைத் தகரத்தில் நூறு சீட்டு

என் பிழை இரண்டு வகைப்பட்டது. முதலாவது, எளிதில் திருத்தக்கூடியது. 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறாண்டுக்கொரு முறை தவணை வைத்து வருவது என்று நினைத்துவிட்டேன். உண்மையில் அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அவ்வளவு பெரிய வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே.

இதனை என் மாணவர்களுக்கு ஒரு விளையாட்டாகச் செய்து காட்டுவதுண்டு. ஒரு பிஸ்கட் தகரத்தில் நூறு சீட்டுகள். ஒன்றே ஒன்று சிவப்பு. ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்கி அடுத்ததை எடுக்க வேண்டும். ஒருமுறை எடுப்பது ஓர் ஆண்டு. முப்பது முறை எடுத்தால் ஒரு வீட்டுக் கடனின் காலம். சிவப்புச் சீட்டு வந்துவிட்டால் அடுத்த முறை அது வராது என்று தகரத்துக்கு யாரும் சொல்லி வைப்பதில்லை. முப்பது முறையில் ஒருமுறையேனும் சிவப்பு வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. அதாவது, ஏறத்தாழ நான்கு வீட்டுக்கு ஒரு வீடு. 'பேரன் காலத்தில்தான்' என்று சொன்ன வாய்க்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. தகரத்தில் நூறு சீட்டுகள்தாம் இருக்கின்றன என்று எண்ணிச் சொன்னவர் யார்?

இரண்டு அறியாத எண்கள், இரண்டு சமன்பாடுகள்

சில ஆண்டுகள் கழித்துப் பணியிலிருந்துகொண்டே பட்டப்படிப்பை மேற்கொண்டேன். புள்ளியியல் தாள் ஒன்றில் 'மோமென் முறை' என்ற தலைப்பு வந்தது. தமிழில் தேடினேன். இயற்பியலில் மோமென் என்பதைத் திருப்புத்திறன் என்கிறோம். தமிழ்நாட்டுப் புள்ளியியல் நூல்களில் விலக்கப் பெருக்குத் தொகை என்கிறார்கள். இரண்டு பெயர்களும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள்.

விளையாட்டுத் திடலில் இருக்கும் ஏற்றப் பலகையை எண்ணிக்கொள்ளுங்கள். எண்களைப் பிள்ளைகளாகப் பாவித்து அப்பலகையில் அவரவர் இடத்தில் உட்கார வைத்தால், பலகை எந்தப் புள்ளியில் சாயாமல் நிற்குமோ அதுதான் சராசரி. இது முதல் திருப்புத்திறன். ஆனால், எல்லாரும் நடுவில் நெருங்கி உட்கார்ந்தாலும் பலகை சாயாது. இரு முனைகளில் எட்டி உட்கார்ந்தாலும் சாயாது. அந்த வேறுபாட்டைக் காட்டுவது இரண்டாம் அளவு. நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று கண்டு, அவ்விலக்கத்தின் வர்க்கத்தைச் சராசரி காண வேண்டும். அதன் வர்க்கமூலமே திட்ட விலக்கம்.

இனி, முறைக்கு வருவோம். இயற்கையில் நிகழும் ஒன்று, எடுத்துக்காட்டாக ஆண்டின் மிகப் பெரிய ஒருநாள் மழை, ஏதோ ஒரு பரவலைப் பின்பற்றுகிறது என்று கொள்கிறோம். அந்தப் பரவலின் உருவத்தைத் தீர்மானிக்கும் எண்கள் பண்பளவைகள். அவற்றை நாம் நேரில் காண முடியாது. கையில் இருப்பவை சில ஆண்டுகளின் அளவீடுகள் மட்டுமே. 'அளவீடுகளின் சராசரியே பரவலின் சராசரி, அளவீடுகளின் விலக்கமே பரவலின் விலக்கம்' என்று சமன்படுத்தி, அறியாத பண்பளவைகளை விடுவிப்பதுதான் இம்முறை. அறியாதவை இரண்டு என்றால் சமன்பாடுகள் இரண்டு. ஐந்து என்றால் ஐந்து.

இம்முறைக்குப் பெயர் பெற்றுத் தந்தவர் இங்கிலாந்தின் கார்ல் பியர்சன். 1894-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில், நேப்பிள்ஸ் கடற்பகுதியின் 1000 நண்டுகளை உயிரியல் அறிஞர் வெல்டன் அளந்த அளவுகளை எடுத்துக்கொண்டு, அவை இரண்டு வகை நண்டுகளின் கலவையா என்று ஆராய்ந்தார். அறியாத பண்பளவைகள் ஐந்து. கணினி இல்லாத காலத்தில் ஒன்பதாம் படிச் சமன்பாடொன்றைக் கையாலேயே விடுவித்தார்.

வெள்ளத்துக்கு உரிய பரவலோடு பெயர் இணைந்தவர் எமில் கும்பெல். 1891-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் தம் நாட்டில் நடந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணித் தொகுத்து நூலாக வெளியிட்டவர். உண்மையான எண்களை வெளியிட்ட துணிவால் பகையைத் தேடிக்கொண்டார். 1932-இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். பிரான்சுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். ஆற்று வெள்ளம் மீண்டு வரும் காலத்தைப் பற்றி 1941-இல் எழுதினார். 1958-இல் உச்ச அளவுகளின் புள்ளியியலைத் தனி நூலாகவே தந்தார். ஆண்டுதோறும் ஏற்படும் உச்ச மழையையும் உச்ச வெள்ளத்தையும் மதிப்பிடப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கும்பெல் பரவலைப் பயன்படுத்தி வருகின்றனர்.

ஒரு பயிற்சிக் கணக்கு

கீழே உள்ளவை பயிற்சிக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள். எந்த நிலையத்தின் அளவீடும் அல்ல. பத்து ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டின் மிகப் பெரிய ஒருநாள் மழை (மில்லிமீட்டரில்): 80, 95, 70, 110, 90, 130, 85, 100, 75, 165.

கூட்டுத்தொகை 1000, சராசரி 100. விலக்கங்களின் வர்க்கத் தொகை 7500. பத்தால் வகுத்தால் 750. வர்க்கமூலம் ஏறத்தாழ 27.4. இதுவரை ஆறாம் ஆண்டு மாணவனும் கணிப்பானின் துணையோடு செய்துவிடுவான்.

கும்பெல் பரவலுக்குப் பண்பளவைகள் இரண்டு. ஒன்றை இடம் என்றும், மற்றொன்றை அகலம் என்றும் அழைப்போம். கோட்பாட்டின்படி, பரவலின் திட்ட விலக்கம் அகலத்தைப் போல் 1.28 மடங்கு, சராசரியோ இடத்தோடு அகலத்தின் 0.577 மடங்கைக் கூட்டினால் வருவது. ஆகவே அகலம் = 27.4 வகுத்தல் 1.28 = 21.4. இடம் = 100 கழித்தல் 12.3 = 87.7. முடிந்தது! நூறாண்டு மழை வேண்டுமானால், இடத்தோடு அகலத்தின் 4.6 மடங்கைக் கூட்ட வேண்டும். விடை ஏறத்தாழ 186 மில்லிமீட்டர்.

இப்பொழுது கடைசி ஆண்டின் 165-ஐ மூடிவிட்டு, முதல் ஒன்பது ஆண்டுகளை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். சராசரி 92.8, திட்ட விலக்கம் 17.7, அகலம் 13.8, இடம் 84.8. நூறாண்டு மழை வெறும் 148!

முதன்முறை இதைச் செய்து பார்த்த இரவு நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது ஆண்டு எண்களை மட்டும் அறிந்த ஒருவரிடம், '165 மில்லிமீட்டர் மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?' என்று கேட்டால், அவர் கணக்கு ஏறத்தாழ 340 ஆண்டு என்று சொல்லும். அந்த மழை பெய்து முடிந்த மறுநாள், அந்த எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே 165 ஏறத்தாழ 38 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையாகிவிடுகிறது. முப்பதாண்டுக் கடன் காலத்தில் அதைச் சந்திக்கும் வாய்ப்பு முதற் கணக்கில் நூற்றுக்கு 8 அல்லது 9. இரண்டாவதில் நூற்றுக்கு 55.

ஆறு அதுவே. வானமும் அதுவே. மாறியது நம் மதிப்பீடு மட்டும்.

நான் அன்று சொன்னது 'வந்துவிட்டது, இனி வராது' என்று. கணக்குச் சொல்வதோ அதற்கு நேர்மாறு: 'வந்துவிட்டது, ஆகவே நீ நினைத்ததைவிட அடிக்கடி வரக்கூடியது'. தகரத்தில் நூறு சீட்டு இருப்பதாக நினைத்தோம். சிவப்பு வந்தவுடன், 'ஒருவேளை இதில் சீட்டுகள் குறைவோ?' என்று ஐயுற்றிருக்க வேண்டும்.

முறையின் குறைகளும் நம் குறைகளும்

இம்முறையைக் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். விலக்கத்தை வர்க்கமாக்குவதால், தொலைவில் நிற்கும் ஓர் எண் முழுக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துவிடும். மேலே பார்த்த 7500-இல் 4225 அந்த ஒரே எண்ணிலிருந்து வந்தது. கிடைத்த அளவீடுகளில் உள்ள செய்தியை இம்முறை பல வேளைகளில் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை என்று ரோனால்ட் ஃபிஷர் 1922-இல் காட்டினார். அவர் முன்வைத்த மீப்பெரு நிகழ்தகவு முறை இன்று பரவலாக வழங்குகிறது. ஒற்றை எண்ணின் இழுப்பைத் தணிக்கும் நேரியல் திருப்புத்திறன்களை 1990-இல் ஹோஸ்கிங் வகுத்தார். நீரியல் துறையினர் அவற்றையும் கையாளுகின்றனர்.

எந்த முறையாயினும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. பழைய ஆண்டுகளும் வரும் ஆண்டுகளும் ஒரே தகரத்துச் சீட்டுகளாக இருக்க வேண்டும். நம் வட்டாரத்தில் காடு தோட்டமானதும், தோட்டம் தாமானானதும், தாமானைச் சுற்றித் தார்ச்சாலை வந்ததும் நம் கண் முன்னால் நடந்தவை. மண் குடித்த நீரைத் தார் குடிக்காது. காற்று வெப்பமடையும்பொழுது அது ஏந்தும் ஈரமும் கூடுகிறது. தகரமே மாறிக்கொண்டிருக்கும்பொழுது பழைய சீட்டுகளை வைத்துச் சொல்லும் விடையைச் சற்றுக் கூட்டித்தான் எண்ண வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. வகுப்புச் சராசரி 60 என்று எழுதிவிட்டுப் பதிவேட்டை மூடிவிடுகிறோம். அறுபதைச் சுற்றியே எல்லாரும் நிற்கும் வகுப்புக்கும், பாதிப் பேர் தொண்ணூறிலும் பாதிப் பேர் முப்பதிலும் நிற்கும் வகுப்புக்கும் சராசரி ஒன்றே. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று கணக்கிட்டுக் குடும்பத்தோடு இறங்கிய கணக்குப்பிள்ளையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்க வைக்கிறோம். முப்பதில் நிற்கும் பிள்ளைகள் அந்தக் கதையில் மூழ்கியவர்கள் அல்லவா? சராசரிக்குப் பக்கத்தில் விலக்கத்தையும் எழுதும் வழக்கத்தை என் பதிவேட்டில் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே ஒரு சோதனையை வைத்து ஒரு பிள்ளையின் பெற்றோரிடம், 'இவனுக்குக் கணக்கு வராது' என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். ஒன்பது ஆண்டு மழையே அவ்வளவு ஏமாற்றும் என்றால், ஒரு நாள் தேர்வு எம்மாத்திரம்?

பரண்

கணக்கைப் புரிந்துகொண்ட பின் அந்த அண்ணன் வீட்டிற்குச் சென்றேன். 2007-இல் நான் சொன்னது தவறு என்றேன். சீட்டு, தகரம், 165 எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப இன்னொரு தடவ வரும்ங்கிறீங்க" என்றார். "வரலாம்ண்ணே. எப்பன்னு சொல்ல முடியாது. வராதுன்னு இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன்.

வீட்டை விற்றுவிட்டு வேறிடம் போகும் வசதி அவருக்கு இல்லை. ஆனால், அடுத்த மாதமே தச்சரை அழைத்து, கூரைக்குக் கீழே பலகையடித்துப் பரண் ஒன்று கட்டினார். சான்றிதழ்கள், பத்திரங்கள், மருந்துகள் எல்லாம் நெகிழிப் பெட்டியில் அங்கே ஏறின. மின்செருகிகளைத் தோளளவுக்கு உயர்த்தினார். மழைக்காலத்தில் நீர்ப்பாசன வடிகால் துறை இணையத்தில் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அளவுகளைத் தம் மகளின் கைப்பேசியில் பார்க்கப் பழகிக்கொண்டார்.

2023 மார்ச்சு தொடக்கத்தில் பெருமழை பெய்தது. ஜொகூரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குச் சென்றனர். சிகாமட் மீண்டும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவர் வீட்டிலும் நீர் புகுந்தது. நாற்காலிகள் போயின, அடுப்புப் போயிற்று. பரண் நனையவில்லை. மையத்தில் என்னைக் கண்டவுடன் அவர் முதலில் சொன்னது, "சார், பேப்பருங்க எல்லாம் பத்திரம்" என்பதுதான். 2011-இல் போன தாயாரின் நிழற்படத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அண்மையில் ஓர் இளந்தந்தை, முதலாம் ஆண்டு மாணவனின் அப்பா, பள்ளி வாசலில் என்னை நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். தாழ்வான பகுதி, குறைந்த விலை, 'நூறு வருசத்துக்கு ஒரு முறைதான் சார்' என்று வீடு விற்பவர் சொன்னாராம். நான் 'வாங்குங்கள்' என்றும் சொல்லவில்லை, 'வாங்காதீர்கள்' என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னேன். வீட்டு வாசலில் 2007, 2011, 2023 ஆகிய ஆண்டுகளில் நீர் எந்த உயரம் வரை ஏறியது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பிஸ்கட் தகரத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். ஆற்றோரம் வீடு போடுகிறவர்களுக்கு அளந்து சொல்வதும் நம் கடமைதானே!

மீண்டும் சந்திப்போம். மழை நாள், பிள்ளைகளைக் கவனமாகப் பள்ளிக்கு அனுப்புங்கள்.